ஒரே வரிக்கு ஏழு கட்டம்

நேற்று ராத்திரி அக்கா பையன் வேதியியல் நோட்டோடு வந்து உட்கார்ந்தான். பதினொன்றாம் வகுப்பு. ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் கட்டம் போட்ட ஏழு ஃபார்முலா. அழுத்தத்துக்கு ஒன்று, கன அளவுக்கு ஒன்று, மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) ஒன்று, அடர்த்திக்கு, மூலக்கூறு எடைக்கு என்று ஏழு. டியூஷனில் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்களாம்.

அடப்பாவிகளா, அத்தனையும் வாயுக்களுக்கான பிவி = என்ஆர்டி என்கிற ஒரே வரிதானே! பி அழுத்தம், வி கன அளவு, என் மோல் எண்ணிக்கை, ஆர் ஒரு மாறிலி, டி வெப்பநிலை. பாயில், சார்லஸ் என்ற விஞ்ஞானிகள் தனித்தனியாகச் சொன்னதை 1834-ல் கிளாப்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். இவர்கள் மறுபடி பிரித்து மேய்ந்திருக்கிறார்கள்.

கணக்கு இதுதான்: 8 கிராம் ஆக்சிஜன், 27 டிகிரி செல்சியஸ், 2 வளிமண்டல அழுத்தம், கன அளவு என்ன? பையன் ஏழு கட்டத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, வி-க்கு ஃபார்முலா இருக்கு. ஆனா அதுல மோல் கேக்குது, கேள்வியில கிராம்தான் குடுத்திருக்கான்" என்றான். எட்டை ஆக்சிஜனின் மூலக்கூறு எடையான முப்பத்திரண்டால் வகுத்தால் கால் மோல். அது கட்டத்துக்குள் இல்லையாம்!

சரி என்று போடச் சொன்னால் 312 லிட்டர் வந்தது. ஆர் மதிப்பு 8.314 போட்டிருக்கிறான். அது பாஸ்கலும் கன மீட்டருமாகப் போடும்போது வருவது. வளிமண்டலமும் லிட்டரும் இருந்தால் 0.0821. எட்டு கிராம் காற்று ஒன்றரை தண்ணீர் டிரம் நிறைய இருக்குமாடா என்றால் முழிக்கிறான். அதைத் திருத்தினால் 0.28 லிட்டர். இந்த முறை 27-ஐ அப்படியே போட்டுவிட்டான், 273-ஐக் கூட்டிக் கெல்வினாக மாற்றவே இல்லை. மூன்றாவது தடவைதான் 3.08 வந்தது. எனக்கு அதற்குள் தலைவலி.

இதே பையன் வண்டிக்கு இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் எத்தனை லிட்டர் வரும் என்று பங்க் வாசலிலேயே மனக்கணக்காகச் சொல்வான். விலையை லிட்டரால் பெருக்கினால் ரூபாய். லிட்டர் வேண்டுமென்றால் விலையால் வகுக்கிறான். அதற்கு எவன் கட்டம் போட்டுக் கொடுத்தான்? பிவி-யில் பி-யை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கீழே போடுவதும் அதே வேலைதானே! எட்டாம் வகுப்பிலேயே முடிந்திருக்க வேண்டிய சங்கதி.

அரை மணி நேரம் தொண்டை வறளக் கத்தி, மோலுக்குப் பதில் நிறை வகுத்தல் மூலக்கூறு எடை போட்டு, வி-யைத் தனியாக எடுத்துக் காட்டினேன். "சூப்பர் மாமா" என்றான். அப்புறம் சிவப்புப் பேனாவை எடுத்து, அதை எட்டாவது கட்டமாக எழுதிக்கொண்டான்.