ஒல்லியான டேப்லெட் எனக்கு வேண்டாம்

சில வருஷங்களுக்கு முன்னால் சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில் டேப்லெட் வாங்கினேன். கடைக்காரத் தம்பி அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "அண்ணா, அட்டை மாதிரி இருக்கு பாருங்க" என்றார். அழகாகத்தான் இருந்தது. ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்தில் அது ஒரே ஒரு பறிப்புக் காலம்தான் தாங்கியது.

எனக்கு டேப்லெட்டில் முக்கியமான வேலை செக்ரோல், அதாவது தோட்டத்து ஆட்களின் பதிவேடு. யார் வந்தார்கள், யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று எழுத வேண்டும். டிசம்பர் மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் தராசுப் பக்கம் வந்து நின்று பாருங்கள். பனி இறங்கும். சாக்கெல்லாம் ஈரம், கையெல்லாம் பழத்தின் பிசுபிசுப்பு. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் (பழத்தோலை உரிக்கும் இயந்திரம்) போட்டாக வேண்டும், குவித்து வைத்தால் புளித்துவிடும். அதனால் எடையும் கணக்கும் நாளைக்கு என்று தள்ள முடியாது. அந்த நேரத்தில் திரைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், அதையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். நம் விரல் மின்சாரம் கடத்துவதை வைத்துத்தான் இந்தத் திரைகள் வேலை செய்கின்றன. தண்ணீரும் அதே மாதிரி மின்சாரம் கடத்தும். ஒரு அம்மா பக்கத்திலேயே நின்று, "தம்பி, என் பேர்ல முப்பத்தொண்ணு போட்டியா?" என்று கேட்கிறார். நான் தொட்டது 31, திரையில் நிற்பது 311. அது அவருடைய அன்றைய கூலி. இதில் தப்பு வரவே கூடாது.

அந்த டேப்லெட் கடைசியில் காபிக் களத்தில் கை வழுக்கி விழுந்து, மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டுவிட்டது. பிடித்துக்கொள்ள ஓரமே இல்லாத சாமான் வேறென்ன செய்யும்?

2010இல் வந்த முதல் ஐபேட் 13.4 மில்லிமீட்டர் தடிமன். 2024இல் வந்த 13 அங்குல ஐபேட் ப்ரோ 5.1 மில்லிமீட்டர். சரி, பெரிய சாதனைதான், ஒத்துக்கொள்கிறேன். படம் வரைகிறவர்களுக்கும் வீடியோ வெட்டுகிறவர்களுக்கும் அந்தத் திரை அருமையாக இருக்கும். ஆனால் மெமரி கார்டு போட இடமில்லை, பேட்டரியை நாமே கழற்றி மாற்ற வழியில்லை. கரண்ட் போய்ப் போய் வரும் மலையில் எனக்கு இந்த இரண்டும்தான் வேண்டும்.

அப்புறம் நான் எடுத்தது சாம்சங் கேலக்ஸி டேப் ஆக்டிவ்5. 8 அங்குலம், சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன், பார்க்க செங்கல் மாதிரி இருக்கும். பின்மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றலாம், ஒன்று தீர்ந்தால் பையில் இன்னொன்று. கையுறையோடு தொட்டாலும் கேட்கும். கூடவே வரும் பேனாவுக்குச் சார்ஜே வேண்டாம். திரைக்குக் கீழே இருந்து வரும் மின்காந்த அலையிலேயே அது ஓடுகிறது. ஈரத் திரையில் விரல் தடுமாறுகிற இடத்தில் பேனா தடுமாறுவதில்லை. எனக்கு இது ஒன்றே போதும், மற்றதெல்லாம் உபரி.

கடைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அங்கே ஓடும் பளபள வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். விரலை நனைத்துக்கொண்டு உங்கள் வேலையில் வரும் நாலு எண்ணை எழுதிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.