சுசூகாவில் சனிக்கிழமையைப் பாருங்கள்

சுசூகா டிராக்கில் நடந்த 2025 ஜப்பான் கிராண்ட் ப்ரீ, அதாவது எஃப்1 கார் பந்தயம், முடிந்ததும் "தூக்கம் வந்துவிட்டது" என்று ஆளாளுக்குப் பதிவு போட்டார்கள். பொய்யில்லை. முதல் ஆறு இடங்களில் கிளம்பியவர்கள் அதே வரிசையில்தான் முடித்தார்கள். ஆனால் அதற்காக சுசூகா டிராக்கையே இடித்து மாற்ற வேண்டும் என்பதெல்லாம் கொஞ்சம் ஓவர்.

அது டிவிக்காகக் கட்டிய டிராக் இல்லை. ஹோண்டா தன் வண்டிகளைச் சோதித்துப் பார்க்க 1962இல் கட்டியது. வரைந்து கொடுத்தவர் நெதர்லாந்துக்காரர் ஜான் ஹூகன்ஹோல்ட்ஸ். நெல் வயலில் கை வைக்கக் கூடாது என்று கம்பெனியை நிறுவிய சோய்ச்சிரோ ஹோண்டா சொன்னதால்தான் டிராக் மேட்டுப்பக்கம் போனதாகச் சொல்வார்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் இன்றைக்கும் ஓட்டுநர்களைப் படுத்துகிறது. நீளம் 5.807 கி.மீ. 8 போல வளைந்து, தன் மேலேயே பாலம் போட்டுக் கடக்கும். இப்போதைய எஃப்1 டிராக்குகளில் இப்படி வேறு கிடையாது.

தொடக்கத்தில் வரும் எஸ் வளைவுகளை மட்டும் கவனியுங்கள். இடம், வலம், இடம், வலம் என்று மூச்சு விடாமல் வரும். முதல் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போனால், அடுத்தடுத்த எல்லா வளைவிலும் அதற்கு வட்டி கட்ட வேண்டும். அப்புறம் டெக்னர் வளைவு. கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி சுசுகி அணிக்குப் போன பைக் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1962இல் அங்கே விழுந்தார்; அதனால்தான் அந்தப் பெயர். ஹோண்டாவின் டிராக்கில் போட்டிக் கம்பெனிக்காரரின் பெயர்! 130ஆர் என்ற அதிவேக வளைவை, 2002இல் எஃப்1 ஓட்டுநர் ஆலன் மக்னிஷ் அங்கே மோதிய பிறகு மாற்றிவிட்டார்கள். பாதுகாப்புக்குச் சரி, பழைய பயம் போய்விட்டது. இதே டிராக்கில் பட்டத்துக்காக மோதிக்கொண்ட ஓட்டுநர்கள் சென்னா, ப்ராஸ்ட் சண்டை எல்லோருக்கும் தெரிந்ததே.

முந்தவே முடியாத இடமா? 2005இல் 17ஆவது இடத்தில் கிளம்பிய ராய்க்கோனன், கடைசிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஃபிசிகெல்லாவைத் தாண்டி ஜெயித்தார். டிராக் அதேதான். பருத்துப்போனது கார். 2025இல் ஓடியது 2 மீட்டர் அகலமும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள பூதம். குறுகலான டிராக்கில் அது எங்கே போய் முந்தும்?

என்னைக் கேட்டால் சுசூகாவில் சனிக்கிழமை நடக்கும் குவாலிஃபையிங்தான் (யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று முடிவாகும் சுற்று) உண்மையான பந்தயம். 2025இல் வெர்ஸ்டாப்பன் 1:26.983இல் போல், அதாவது முதல் இடம், எடுத்த சுற்றின் ஆன்போர்டு வீடியோ (காரிலிருந்தே எடுத்தது) இருக்கிறது. ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.