குழந்தைகள் முழங்கால் சில்லு இல்லாமல் பிறப்பதில்லை

"பிறக்கும் குழந்தைக்கு முழங்கால் சில்லு கிடையாது; மூன்று வயதுக்குப் பிறகே அது முளைக்கும்; அதுவரை தவழ விடாதீர்கள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இதில் அரைகுறையாக ஓர் உண்மை இருப்பதாலேயே பலர் நம்பிவிடுகிறார்கள்.

முழங்கால் சில்லு கருவிலேயே உருவாகிவிடுகிறது. ஆனால் பிறக்கும்போது அது கெட்டி எலும்பாக இல்லாமல் குருத்தெலும்பாக இருக்கிறது. சுமார் 3 முதல் 6 வயதுக்குள் அதன் நடுவே எலும்பாக்கம் தொடங்கி, பின்னர் மெல்ல விளிம்புவரை பரவுகிறது. எக்ஸ்ரே படத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிய எலும்பு மட்டுமே தெளிவாகத் தெரியும் என்பதால், கைக்குழந்தையின் படத்தில் அந்த இடம் வெறுமையாகத் தோன்றுகிறது. செய்தியோடு சுற்றும் படம் உண்மையானதாகவே இருந்தாலும் அது சில்லு இல்லை என்பதற்குச் சான்றாகாது. அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் அதே குருத்தெலும்பைக் காணலாம்.

தொடைத் தசையின் தசைநாணுக்குள் பொதிந்திருக்கும் இந்தச் சில்லு, எள் வடிவ எலும்புகள் என்னும் வகையில் உடலிலேயே மிகப் பெரியது (பெயர்தான் எள்). முழங்காலை நீட்டும்போது தசையின் இழுவிசைக்கு அது நெம்புகோல் வலுவைக் கூட்டித் தருகிறது. பிறவியிலேயே சில்லு அமையாத நிலை உண்டு, ஆனால் அது மிக அரிது.

தவழ்வது இயல்பான வளர்ச்சிப் படி. அதைத் தடுக்கக் காரணமில்லை. உடற்கூறியல் பாடநூல்களில் எலும்பாக்கம் பற்றிய பகுதியிலோ குழந்தை மருத்துவரிடமோ இதைச் சரிபார்க்கலாம். இச்செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாமல், அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.