பழைய துப்பாக்கியும் அதைச் சுற்றி உட்காரும் ஆட்களும்

பழைய துப்பாக்கி சேர்க்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் இரண்டில் ஒன்று தெரியும். இவன் கொஞ்சம் வில்லங்கமான ஆள் போல என்ற தயக்கம், இல்லையென்றால் கையில் காசு நிறையப் புரளும் போல என்ற கணக்கு. நான் பழகிய சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலும் சேராதவர்கள். பூதக்கண்ணாடியும் கையுமாக அலைவார்கள், ஒரே ஒரு திருகாணி அசலா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை போடுவார்கள், முடிந்ததும் சேர்ந்து டீ குடிப்பார்கள். எனக்குத் துப்பாக்கியை விட இவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். இவர்கள் இல்லாமல் இதில் தனியாக இறங்குவது வீண் வேலை என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். மேஜை மேல் நீளமான ஒரு பிரவுன் பெஸ், அதாவது பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி, கிடக்கிறது என்று வையுங்கள். ஒருத்தர் பேசாமல் டேப் எடுத்துக் குழலை அளப்பார். 46 அங்குலம் என்றால் பழைய நீள மாடல், 42 என்றால் அதற்கு அடுத்தது, 39 என்றால் இந்தியா பேட்டர்ன். இந்தக் கடைசி ரகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்யப்பட்டது. பிரான்சோடு சண்டை மூண்டு ஆயுதப் பற்றாக்குறை வந்தபோது பிரிட்டிஷ் ராணுவமும் அதையே வாங்கிக்கொண்டது. இன்னொருத்தர் குழலின் பின்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிப்பார். கிரீடத்துக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோல் தெரிந்தால் அது அரசாங்கச் சோதனை முத்திரை. வழக்கத்தை விட அதிகமாக வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்து, குழல் பிளக்காமல் நின்றால்தான் அந்த முத்திரை விழும். மூன்றாவது ஆள் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல், "லாக்கைக் கழற்றலாமா?" என்று கேட்பார். (லாக் என்றால் வெடிக்க வைக்கும் விசையமைப்பு.) கழற்றினால் உள்ளே திருகாணித் தலைகளில் அரத்தால் இழுத்த சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். எல்லாமே கையால் செய்த காலம், ஒரு திருகாணி இன்னொரு துளையில் பொருந்தாது, அதனால் எது எங்கே போக வேண்டும் என்று கொல்லர் போட்டுவைத்த அடையாளம். இந்த மூன்று பேர் அறிவும் ஒரே தலைக்குள் இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் போலி விவகாரம். இங்கேதான் நட்பின் அருமை தெரியும். சிக்கிமுக்கிக் கல்லை வைத்துப் பொறி கிளப்பும் ஃபிளின்ட்லாக்கில் முதலில் குழலுக்கு வெளியே சின்னக் கிண்ணியில் இருக்கும் மருந்து பற்றும், பிறகுதான் குழலில் இருப்பது வெடிக்கும். ஸ்காட்லாந்தில் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார், பறவை வேட்டைப் பிரியர். கிண்ணியில் பளிச்சிடுவதைப் பார்த்தே பறவைகள் பறந்துவிடுகின்றன என்ற கடுப்பில், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தை வைத்துப் புது முறை கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். (ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எப்படி இருந்திருக்குமோ!) அந்த யோசனை வளர்ந்து, அடித்தால் வெடிக்கும் சின்ன உலோக மூடியான பெர்கஷன் கேப் வந்தபோது, ஏராளமான ஃபிளின்ட்லாக்குகளைப் புது முறைக்கு மாற்றினார்கள். மாற்றுவது தப்பே இல்லை. 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள்களைப் பிரிட்டிஷ் அரசாங்கமே 1866 முதல் பின்பக்கம் வெட்டி, பின்னாலிருந்து தோட்டா போடும் ஸ்னைடர்களாக மாற்றியது, அதுவும் அந்தத் துப்பாக்கியின் சரித்திரம்தான்.

ஆனால் ஃபிளின்ட்லாக்குக்கு விலை அதிகம் என்பதால், ஒரு காலத்தில் மாற்றியதைத் திரும்பவும் ஃபிளின்ட்லாக்காகவே ஆக்கி, தொட்டதே இல்லை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். போட்டோவில் அம்சமாக இருக்கும். கையில் எடுத்துப் பழகியவர் மட்டும் நேராகத் தீத்துளைக்கு, அதாவது கிண்ணித் தீ குழலுக்குள் போகும் துளைக்கு, போவார். துளையைச் சுற்றி வட்டமாக ஒரு மெல்லிய இணைப்புக் கோடு தெரிகிறதா, லாக் தட்டில் அரிப்புக்குழி இருந்தும் அதன் மேல் இருக்கும் குதிரை (கல்லைப் பிடித்து அடிக்கும் பாகம்) மட்டும் வழுவழு என்று இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பெரியவர் இப்படிப் பார்த்துவிட்டு, வாங்க வந்த பையனிடம் விற்பவர் காதுபடவே சொன்னார்: "தம்பி, தட்டு கிழவன், குதிரை நேற்றுப் பிறந்தது." பையன் முகம் தொங்கிப்போனது. ஆனால் இன்றைக்கும் எதை வாங்குவதாக இருந்தாலும் அவரிடம் காட்டாமல் வாங்குவதில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்பவர்தான் இந்த உலகத்தில் நண்பர். "சூப்பர், அருமை" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரிடம் நான் எதையும் காட்டுவதில்லை.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும் இல்லையா. அமெரிக்கத் தயாரிப்பாளர் கோல்ட்டின் 1851 நேவி ரிவால்வரில், சுழலும் உருளையான சிலிண்டரில் ஒரு கடற்போர்க் காட்சி பொறித்திருக்கும். 1843 மே 16-ல் டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவோடு மோதிய சண்டை. டெக்சாஸ் கடற்படை கோல்ட்டின் ஆரம்பகால வாடிக்கையாளர், அந்த நன்றி. புழங்கிய ரிவால்வர்களில் இந்தப் படம் தேய்ந்து மழுங்கிப் போயிருக்கும், வெறும் சாம்பல் நிற இரும்பு போலத்தான் தெரியும். ஒரு நண்பர் விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் பிடித்து சிலிண்டரை மெதுவாகத் திருப்பினார். பாய்மரம் ஒன்று, அதன் பக்கத்தில் புகை, அப்புறம் இன்னொரு கப்பல். ரிவால்வர் அவருடையது கூட இல்லை. ஆனால் சொந்தக்காரரை விட அவருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

எனக்கு ஒத்துவராதவர்களும் உண்டு. வாங்கிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு விலை ஏறியதை மட்டும் பேசுபவர்கள். இவை மனிதர்களைக் கொல்லச் செய்த கருவிகள் என்பதையே மறந்து, ஏதோ பூஜாடி மாதிரி சிலாகிப்பவர்கள். கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு தோட்டாவிலிருந்து 1857-ல் என்னென்ன கிளம்பியது என்று தெரியாமல் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரும்பும் மரமும்தான் மிஞ்சும்.

கடைசியாக, தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்தது என்று அடிக்கடி கேட்பவர்களுக்கு. முதலில் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. விளையாட்டுக்குக் கூட விசையை இழுக்காதீர்கள், யார் பக்கமும் திருப்பாதீர்கள். வாய் வழியாக மருந்து இடிக்கும் பழைய துப்பாக்கிகளில் என்றைக்கோ போட்ட மருந்தும் குண்டும் அப்படியே இருக்கலாம், அது இன்றும் வெடிக்கும். விஷயம் தெரிந்தவர் ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று வெளியே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். தீத்துளை வரைக்கும் போகாமல் முன்பே முட்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது. உப்புத்தாள், பிரஷ், பாலிஷ் எதுவும் வேண்டவே வேண்டாம். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, தேய்த்துவிட்டால் முத்திரையும் கூடவே போய்விடும். குழலின் பின்பக்கத்தையும் லாக் தட்டையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் நாலு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரியாவிட்டால் அந்தப் பெரியவரிடம் காட்டுகிறேன், ஆனால் அவர் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.