முகம் தெரியும் முன்பே குரல்

ஆடியோ கதை, யூடியூப் கதை என்று தர்மபுரிப் பக்கம் நிறையப் பேர் மைக் வாங்கிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் கேட்டுப் பாருங்கள்: கிழவி வந்தால் குரல் நடுங்கும், வில்லன் வந்தால் கரகரக்கும், குழந்தை வந்தால் கீச்சிடும். எந்தக் கதையிலும் இதே மூன்று பேர்தான்.

பென்னாகரம் பக்கத்துப் பாட்டி ஒருத்தி கூப்பிட்டால் அடுத்த காட்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். நடுக்கமாவது ஒன்றாவது! வயசு தெரிவது அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள், எதைச் சொல்ல அவசரப்படாமல் இருக்கிறாள் என்பதில். தொண்டையை இறுக்கிக் கொண்டுவரும் குரல் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்புறம் சொந்தக் குரல் எட்டிப் பார்த்துவிடும், தொண்டையும் புண்ணாகும்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து கேளுங்கள். வேடக்காரர் முதலில் திரைக்குப் பின்னால் நின்றுதான் பாடுவார். துணி விலகும் முன்பே வருவது துரியோதனன் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அந்த மிதப்பு பாட்டின் நடையிலேயே இருக்கும். திரௌபதி வேடம் கட்டுவதும் பெரும்பாலும் ஆண்தான். நல்ல வேடக்காரர் அதற்காகக் குரலைக் கீச்சாக்குவதில்லை. ஆத்திரத்தையும் அழுகையையும் இழுவையில் கொண்டுவந்துவிடுவார். (அந்தச் சத்தத்தை அப்படியே மைக் முன்னால் போடாதீர்கள். மைக்குக்கு மூச்சே கேட்கும்.)

ஓசூர் பக்கம் தெலுங்குப் படம் பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். 2008-இல் தசாவதாரம் தெலுங்கில் வந்தபோது கமல்ஹாசனின் 10 வேடங்களில் 7-க்கு எஸ்.பி.பி.தான் குரல் கொடுத்தார், பாட்டி வேடம் உட்பட. சுருதியை ஏற்றி இறக்கினால் போதும் என்றால் ஏழு பேருக்கு எங்கே போவது?

உணர்ச்சிக்கு வருவோம். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டியில் ஒரு வியாபாரி போன் பேசுவதைக் கவனியுங்கள். எதிர்முனையில் இருப்பது மாங்கூழ் ஆலைக்காரரா, கடன் கேட்கும் மச்சானா, மகளா என்று பேச்சு புரியாவிட்டாலும் சொல்லிவிடலாம். குரல் ஒன்றுதான், ஆள் பார்த்து மாறுகிறது. நம் பசங்கள் வசனத்தின் ஓரத்தில் ‘கோபம்’, ‘சோகம்’ என்று எழுதிக்கொள்கிறார்கள். அதற்குப் பதில் யாரிடம் பேசுகிறான், அவரிடம் என்ன வேண்டும் என்று எழுதுங்கள். அழுகைக் காட்சியில் மூக்கை உறிஞ்சுவதும் வேண்டாம். அழக்கூடாது என்று பல்லைக் கடிப்பவரின் குரல்தான் கேட்பவரை அழவைக்கும்.

ஒருவருடைய வசனங்களை மொத்தமாகப் பதிந்துவிட்டு எடிட்டிங்கில் ஒட்டினால் குரல் மாறாமல் இருக்கும் என்கிறார்கள். இருக்கும், ஆனால் இரண்டு பேர் பேசிக்கொள்வது போலவே இருக்காது. எதிராளி வசனத்தை வாசிக்க ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்கு நடிக்கத் தெரிய வேண்டியதில்லை, நிறுத்தி நிதானமாக வாசித்தால் போதும்.