யாத்திராகமத்தையும் கொஞ்சம் வாசிக்கலாமே

கடனைப் பற்றிய இந்தக் கட்டுரையில் "கடன் வாங்குகிற கிறிஸ்தவன் தேவனை நம்பாதவன்" என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அவர் காட்டும் வேத வசனமான நீதிமொழிகள் 22:7, கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நிலைமையைச் சொல்கிறதே தவிர, வாங்கியது பாவம் என்று சொல்லவில்லை. அதே வேதத்தில் யாத்திராகமம் 22:25-27-ஐத் திறந்தால் கண்டிப்பெல்லாம் கொடுப்பவன் மேல்தான்: ஏழையிடம் வட்டி வாங்காதே, அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன் நான். பெப்ரவரி வெயிலில் கொழுந்து குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) வாங்கிய முற்பணம் வேறு சம்பளத்தில் கழியும். அந்த நேரம் பார்த்துத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால், அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். காதில் ஈர்க்குச்சி, ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதாம். அதை மீட்டுத் தந்தது பத்துப் பெண்கள் சேர்ந்து பிடித்த சீட்டு. அம்மாவுக்கு முதல் சீட்டையே விட்டுக்கொடுத்தார்கள், மீதி ஒன்பது மாதமும் அம்மா தவறாமல் கட்டினார். அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். மேலே கருத்து எழுதிய ஒரு சகோதரர், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) சபைக்கு ஒழுங்காகக் கொடுத்தால் கடன் தானாகத் தீரும் என்கிறார். அம்மா ஒரு மாதமும் காணிக்கை தவறியதில்லை ஐயா, தோட்டை மீட்டது சீட்டுக் காசுதான். எங்களுக்கு நூற்றுக்குப் பத்து வட்டிக்கு விட்டவர் ஞாயிறு தோறும் ஆராதனையில் முன் வாங்கில் (பெஞ்சில்) உட்காருவார். அவரை நோக்கி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.