மொரிஷியஸ் போகும் ஜோடிகளுக்கு: பேக்கேஜில் இரவுச் சாப்பாடு வேண்டாம்

தேனிலவுக்கோ கல்யாண நாளுக்கோ மொரிஷியஸ் போவதாக யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "சாப்பாடும் பேக்கேஜில் சேர்த்தியா?" என்றுதான். ஆமாம் என்றால், காலை உணவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடச் சொல்வேன். இரவுச் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு கட்டிவிட்டால், பொழுது சாய்வதற்குள் ஹோட்டலுக்குத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பு மத்தியானத்திலேயே வந்துவிடும். அப்புறம் எங்கே நிம்மதியாக ஊர் பார்ப்பது?

தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர்தான். வண்டிகள் நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. ஒரு சின்ன காரை வாடகைக்கு எடுங்கள். நாங்கள் போனபோது அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரமே இல்ல, இங்க ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டூர் பஸ்ஸில் போனால் அப்படிச் சொல்ல முடியுமா?

எனக்கு உயிர் தெற்குக் கடற்கரைச் சாலைதான். மற்ற கரைகளில் பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் கடல் அடங்கிக் கிடக்கும். சூயாக் ஊரை ஒட்டிய க்ரி-க்ரியில் அந்தத் தடுப்பு இல்லை. அலை நேராக வந்து கரும்பாறையில் அறைகிறது. அங்கிருந்து மேற்கே போகப் போக ஒரு பக்கம் கரும்புத் தோட்டம், மறுபக்கம் கடல். தோட்டங்களின் நடுவே கருங்கற்கள் குவியல் குவியலாகக் கிடக்கும். நிலத்தைத் திருத்தியவர்கள் கையால் பொறுக்கி அடுக்கியவை அவை. மக்கோந்தேயில் சாலை ஒரு பாறையைச் சுற்றிக் கடலுக்கு மேலேயே வளைகிறது. அதைத் தாண்டினால் ல மோர்ன் மலை, 556 மீட்டர். அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்கள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பல பேக்கேஜ்களில் அது போட்டோவுக்குப் பின்னணி மட்டும்தான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த மலையடிவாரத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தெருவோரத் தால் பூரியைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். பேர்தான் பூரி, எண்ணெயில் பொரிப்பதில்லை. வெல்லம் போடாத பருப்புப் போளி மாதிரி, அதைவிட மெல்லிசாக இருக்கும். ஜோடி ஜோடியாகத்தான் தருவார்கள். கல்லிலிருந்து எடுத்து, பீன்ஸ் குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற ருகாய், பச்சை மிளகாய் அரைத்தது எல்லாம் தடவி, சுருட்டி, காகிதத்தில் மடித்துக் கையில் கொடுப்பார்கள். குழம்பு முழங்கை வரை ஒழுகும், பரவாயில்லை. கடலைப்பருப்பு வடையை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துக் காலையில் சாப்பிடுகிறார்கள், அதுவும் அருமை. வெயிலுக்குச் சப்ஜா விதையும் கடல்பாசியும் போட்ட பால், அலூடா. அந்த ஊர் ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அவர் கடைக்காரரிடம் காட்டிச் சிரித்தார்.

இதெல்லாம் பெரும்பாலும் பகல் வியாபாரம். நல்ல தால் பூரிக் கடைகளில் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். இரவுக்கு வறுத்த நூடுல்ஸ் விற்கும் சின்னக் கடைகள் இருக்கின்றன. கிராமங்களில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் தெற்குக் கரையில் காற்று பலமாக இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். க்ரி-க்ரியில் மட்டும் தயவுசெய்து கடலில் இறங்காதீர்கள்.